ராஜகனி மில்லுல மூணு லைன் புட்டு

ஒரு ஊர்ல ஒரு மாவு மில்லு இருந்துச்சு, மில்லுக்கு ஒரு சொந்தக்காரி இருந்தா, சொந்தக்காரிக்கு ஒரு புருசன் இருந்தான், அந்தப் புருசன்தான் நான். மில்லு ராஜகனி பேர்ல, நான் ராஜகனி பொறுப்புல. என் பேரு தவசி. அஞ்சாம் கிளாஸ் வரைக்கும் நான் பள்ளிக்கூடத்தைப் பொறுத்துக்கிட்டேன், அதுக்கு மேல அது என்னையப் பொறுத்துக்கிடல. ஊரு உடைமரத்துவிளை. எண்பத்தேழு வீடு, ஒரு ரேசன் கடை, ஒரு முத்தாரம்மன் கோயிலு, ஒரு டிரான்ஸ்பார்மரு, எல்லாம் உண்டு, தண்ணி மட்டும் கெடையாது. தண்ணி வேணும்னா ரெண்டு மைல் தள்ளி தார் ரோட்டு முக்குல நிக்க குழாய்க்குப் போவணும், அந்தக் குழாயும் மனசு இருந்தா விடும், இல்லன்னா ரெண்டு தடவ இருமிட்டுச் சும்மா இருக்கும்.

பங்குனி மாசம் ஒரு செவ்வாக்கெழமை, காலம்பற பத்து மணி இருக்கும், எங்க அண்ணன் பொண்டாட்டி தங்கபுஷ்பம் மைனி ரெண்டு படி பச்சரிசியை ஊற வச்சு உலத்தி மில்லுக்குக் கொண்டு வந்தாவ. ராஜகனி அரிசியைக் கொட்டி மோட்டாரைப் போட்டா. மாவு விழுத துணிப் பையில மாவு விழல, புட்டு விழுந்துச்சு. நல்லா வெந்த புட்டு, ஆவி பறக்கப் பறக்க, பிடிச்சா பிடி நிக்கும் விட்டா உதிரும், மூக்குக்கிட்ட கொண்டு போனா கொஞ்சமா கரி வாசம், வாயில போட்டா மலைத் தண்ணி ருசி, முழுங்கினா வயித்துக்குள்ள சின்னதா ஒரு வெயில் அடிக்கும்.

"ஏட்டி ராஜகனி, நான் மாவுக்குல்லா குடுத்தேன்?"ன்னு மைனி கேட்டாவ.

"மாவுன்னா நீங்க வீட்டுக்குப் போயி அவிக்கணும்லாக்கா, அந்த வேலை மிச்சம்"னா ராஜகனி. மோட்டாரை அணைச்சா, தலையில ஒரு தட்டுத் தட்டுனா, மறுபடியும் போட்டா, மறுபடியும் புட்டு. "ஏங்க, பாத்துக்கிட்டு நிக்காதீய, போயி தேங்காய் துருவிக் கொண்டு வாங்க"ன்னு என்னைய வெரட்டுனா. எங்க ஊர்ல அதிசயத்துக்கு அவ்வளவுதான் மரியாதை.

வாசம் புடிச்சு மத்தியானம் வயர்மேன் தாவீது வந்து சேந்தாரு. ரெண்டு தட்டுத் தின்னு முடிச்சு, கையைக் கழுவி, பல்லுக் குத்தின பொறவுதான் காரணத்தைக் கண்டுபிடிச்சாரு.

"வே தவசி, கரண்டு எங்க பொறக்குன்னு தெரியுமாவே?"

"சுவிச்சுல."

"செத்த மூதி. கேளும். ஒரு எடத்துல கரியை எரிச்சு, தண்ணியைக் கொதிக்க வச்சு, அந்த ஆவியை ஊதிவிட்டு ஒரு பெரிய சக்கரத்தைச் சுத்த வைக்கான். இன்னொரு எடத்துல மலையில அணையைக் கட்டி, தண்ணியை மேல இருந்து தள்ளிவிட்டு அதே மாதிரி சக்கரத்தைச் சுத்த வைக்கான். சக்கரம் சுத்தினாத்தான் கரண்டு. வெயிலுக்கு மட்டும் சக்கரம் கெடையாது, கண்ணாடிப் பலகையை மல்லாக்கப் போட்டு வச்சா அது படுத்த வாக்குலயே சம்பாதிக்கும்."

"அப்ப நம்ம வெயில் கட்சி"ன்னேன்.

"நீங்க படுக்க மட்டும்தான் செய்வீய"ன்னு உள்ள இருந்து ராஜகனி சத்தம்.

"இப்படி எங்கெங்கயோ பொறந்த கரண்டை எல்லாம் ஒரே கம்பியில கொண்டு வந்து கொட்டுதான். பால் சொசைட்டி கேன் மாதிரிவே. கேன்ல ஊத்தின பொறவு எது எந்த வீட்டு மாட்டுப் பாலுன்னு எவனாவது சொல்ல முடியுமா? உங்க ஊருக்கு மட்டும் பாலு மாடு மாடாப் பிரிஞ்சு வருது"ன்னாரு தாவீது. டிரான்ஸ்பார்மர்ல இருந்து ஊருக்குள்ள மூணு கம்பி வருது, செவப்பு லைன், மஞ்ச லைன், நீல லைன்னு வயர்மேன்மாரு அதுக்குப் பேரு வச்சிருக்காங்க, கம்பியில கலரு ஒண்ணும் இருக்காது, அவங்க வாயிலதான் கலரு. செவப்புல கரியில பொறந்த கரண்டு, மஞ்சள்ல வெயில்ல பொறந்தது, நீலத்துல தண்ணியில பொறந்தது, பொறந்த எடத்துக் கொணத்தையும் கட்டித் தூக்கிக்கிட்டு வருது. வீட்டுக்கு ஒரு லைன் போதும். மில்லு மோட்டாருக்கு மூணும் வேணும். தீயும் தண்ணியும் வெயிலும் ஒரே நேரத்துல அரிசிக்குள்ள பூந்தா, அது மாவா நிக்கதுக்கு அதுக்கென்ன தலையெழுத்தா? புட்டா ஆயிருது.

தாவீது இதை ஆபீசுக்கு எழுதிப் போட்டாரு. ஒரு ஆபீசர் வந்தாரு, மீட்டரை வச்சுப் பாத்தாரு, "வோல்டேஜ் இருநூத்து முப்பது இருக்கு, பொறவு என்ன கம்ப்ளைண்டு?"ன்னாரு, புட்டு தின்னாரு, வீட்டுக்கு ஒரு பொட்டலம் கட்டச் சொன்னாரு, போனாரு.

இப்ப எங்க ஊர்ல ஒரு பழக்கம் உண்டு. ஒவ்வொரு வீட்டுலயும் மூணு லைனும் போர்டு வரைக்கும் வந்து நிக்கும், ஃபியூஸ் கம்பி கட்டின பீஸ் கட்டை ஒண்ணே ஒண்ணுதான் இருக்கும். ஒரு லைன் செத்துட்டுன்னா வீட்டு ஆம்பள ஸ்டூல் மேல ஏறி, கட்டையைப் புடுங்கி, உயிரோட இருக்க லைன்ல சொருவுவான். எங்க ஊரு ஆம்பளைய செய்யுத ஒரே வீட்டு வேலை அதுதான், அதையும் கல்யாண மாப்பிள்ளை தாலி கட்டுத மாதிரி நாலு பேரு பாக்கத்தான் செய்வாங்க. ஆகையினால இந்த அதிசயம் வந்ததும் ஊருக்கு ஒரு செரமமும் இல்ல. எவனுக்கு எந்தக் கரண்டு வேணுமோ அதுல கட்டையைச் சொருவினான்.

செவப்புல சொருவினா பல்பு எரியும்போது நூலு மாதிரி ஒரு பொகை வரும், கொசு ஒண்ணு அண்டாது, இஸ்திரிப் பெட்டியை அணைச்சு ஒரு மணி நேரம் கழிச்சும் சூடு ஆறாது, சாயங்காலம் மூக்கைச் சிந்தினா மட்டும் கருப்பா வரும். மஞ்சள்ல சொருவினா டியூப் லைட்டுல இருந்து சுள்ளுன்னு வெயிலு அடிக்கும், கட்டிலுக்கு அடியில கூட வத்தலு காய வைக்கலாம், கோழி வீட்டுக்குள்ள வந்து நெழலு தேடும், மேகம் மூடினா லைட்டும் மூடும், ஆறு மணிக்குப் பொழுது அடைஞ்சா அதுவும் அடைஞ்சிரும். அதாவது பகல்ல எரியும், ராத்திரி எரியாது. அப்படி ஒரு வெளக்கை எவன் வச்சுக்கிடுவான்? புதுசாக் கல்யாணம் ஆன ரெண்டு சோடி மட்டும் வச்சுக்கிட்டாங்க, அவங்களுக்கு ஆறு மணிக்கு மேல வெளக்கு என்னத்துக்கு?

நீலம்தான் நீலம். நீலத்துல சொருவினா பிளக்குல இருந்து தண்ணி சொட்டும். பாறை இடுக்குல ஓடி வந்த தண்ணி, ஐஸ் மாதிரி. ஆனா ஒரு கணக்கு உண்டு, எவ்வளவு கரண்டு இழுக்கியோ அவ்வளவு தண்ணி. ஒரு பல்பு போட்டா ஒரு மணி நேரத்துக்கு ஒரு டம்ளரு. ஃபேனு போட்டா ஒரு செம்பு. மிக்ஸியை ஓடவிட்டா ஒரு குடம். எங்க மைனி மிக்ஸியில ஒண்ணும் போடாம அது பாட்டுக்குக் கத்தவிட்டு, பிளக்குக்கு அடியில குடத்தை வச்சு, குத்த வச்சு உக்காந்து வெத்தலை போடுவாவ. ஒரு நாளு பிளக்குல இருந்து ஒரு அயிரை மீனு துள்ளி விழுந்துச்சு. ஒத்த மீனுக்குக் கொழம்பு வச்சு, வாசல்ல நின்னு போற வாறவன் கிட்ட எல்லாம் "இன்னைக்கு மீன் கொழம்பு"ன்னு சொன்னாவ.

சித்திரை பொறந்துச்சு. வெயிலு மண்டையைப் பொளந்துச்சு. ரோட்டு முக்குக் குழாயி இருமலையும் நிப்பாட்டுச்சு பாதி நாளு. எண்பத்தேழு வீட்டுல எண்பத்தி நாலு வீட்டுக் கட்டை நீலத்துக்குப் போயிட்டு. மிச்சம் மூணுல ரெண்டு அந்தப் புது சோடிய, ஒண்ணு நாங்க. ஊர்ல எந்தத் தெருவுல நடந்தாலும் வெறும் மிக்ஸி கத்துத சத்தம். அன்னையில இருந்துதான் எங்க மோட்டாரு மொனக ஆரம்பிச்சுது. சுத்தும், நிக்கப் பாக்கும், "ஙொய்ங்"ங்கும், உடம்பு கொதிக்கும். விழுத புட்டும் தண்ணி இல்லாம வறட்டுப் பொடியா, கரியா, தொண்டையை அடைச்சுது.

தாவீது மோட்டாரு மேல கையை வச்சு எடுத்தாரு. "ராஜகனி, மூணு லைன்ல ஒரு லைன் தாழ்ந்தா மிச்சம் ரெண்டும் மொத்தப் பாரத்தையும் இழுக்கணும். இப்படியே ஓடினா காயிலு கருகிரும். ஏற்கெனவே ரெண்டு தடவ கட்டின காயிலு. இன்னொரு தடவ தாங்காது. கருகினா பேரீச்சம்பழத்துக்குத்தான் போடணும்"னாரு.

அந்த மோட்டாரு ராஜகனிக்கு அவ அப்பன் குடுத்தது. மூணு அண்ணன்மாருக்கும் நெலம் குடுத்தாரு, இவளுக்கு மோட்டாரு. எங்க வீட்டுல உலை கொதிக்கது அந்த மோட்டாரு சுத்தித்தான். எனக்கு வேற தொழிலு தெரியாது, இந்தத் தொழிலும் தெரியாது. மோட்டாரு போனா நாங்க ரெண்டு பேரும் உடைமரத்துல உக்காந்து முள்ளு எண்ண வேண்டியதுதான்.

"நம்ம வீட்டுக் கட்டை செவப்புலதான் இருக்கணும்"னா ராஜகனி. "நாமளே நீலத்தை உறிஞ்சினா மத்தவங்க கிட்ட எந்த வாயோட போயி விடச் சொல்லது? நமக்குத் தண்ணி நீங்க குழாயில போயி எடுத்துட்டு வாங்க. விடியக்காலம் அஞ்சு மணிக்கு. நாலு கொடம்."

இனிமே சொல்லுதது அன்னைக்கு ராஜகனிக்குத் தெரியாது. ரெண்டு நாளு போனேன். ரெண்டு மைல் போக ரெண்டு மைல் வர, சைக்கிள் கேரியர்ல ரெண்டு கொடம், ஹேண்டில்ல ரெண்டு கொடம், மணல்ல சக்கரம் பொதையுது, முதுகு கழண்டு போச்சு. மூணாம் நாளு ஆட்டுக் கொட்டாய்ல உக்காந்து யோசிச்சேன். கொட்டாய்க்குத் தனியா ஒரு பீஸ் வச்சேன், யாருக்கும் தெரியாம நீலத்துல ஒரு இணைப்பு இழுத்தேன், பதினோரு பிளக்கு வச்சு ஒரு போர்டு அடிச்சேன், ஓட்டல்ல போடுத பழைய பெரிய கிரைண்டரு ஒண்ணு கெடந்துச்சு, முப்பது மிக்ஸி இழுக்கதை ஒத்தையா இழுக்கும், அதைக் கல்லு இல்லாம ஓடவிட்டேன். அடேயப்பா! பதினோரு பிளக்குலயும் அருவி. பத்து நிமிசத்துல நாலு கொடமும் நெறைஞ்சு, ஒரு டிரம்மும் நெறைஞ்சு, நானும் குளிச்சு, நாலு ஆட்டையும் குளிப்பாட்டிட்டேன். கொஞ்சம் ருசி கண்டதும் கிரைண்டரை அணைக்க மனசு வரல, சாக்கைப் போட்டுச் சத்தத்தை மூடிட்டு, பகல் பூரா ஓடவிட்டேன்.

அஞ்சு மணிக்கு சைக்கிளை எடுத்துட்டுத் தெரு முக்கு வரைக்கும் போவேன், பின்பக்கமாச் சுத்திக் கொட்டாய்க்குள்ள வந்து ஒரு தூக்கம் போடுவேன், ஆறரைக்கு நாலு கொடத்தோட நொண்டி நொண்டி வாசலுக்கு வருவேன். கட்டின நாள்ல இருந்து என்னைய ஒரு நல்ல வார்த்தை சொல்லாதவ, "எங்க வீட்டு மனுசன் மாதிரி உண்டுமா?"ன்னு ரேசன் கடை வரிசையில நின்னு சொன்னா. கேட்டவ எல்லாம் வீட்டுக்குப் போயி அவ அவ புருசனைத் திட்டுனா. எனக்கு அந்தப் பேச்சு புட்டை விட இனிச்சுது. அதை எப்படிங்க விட முடியும்?

அந்த வாரம் ரேசன் கடை முன்னால ஊர்க் கூட்டம் போட்டாங்க. ராஜகனி நின்னு சொன்னா: "எண்பத்தி நாலு வீடும் ஒரு லைன்ல தொங்கினா எப்படி? மூணாப் பிரிங்க. இல்லன்னா என் மோட்டாரு கருகிரும். மோட்டாரு கருகினா உங்களுக்கும் காலம்பற புட்டு கெடையாது."

தங்கபுஷ்பம் மைனி எந்திச்சாவ. "ராஜகனி, உன் மோட்டாரு ஒனக்கு. எனக்கு இடுப்பு இருக்கு. இருவது வருசம் இந்த இடுப்புல கொடம் வச்சு ரெண்டு மைல் நடந்தேன், இடுப்பு ஒரு பக்கமாத் தேஞ்சு போச்சு, பாரு, நேரா நின்னாக்கூட எதையோ எட்டிப் பாக்க மாதிரித்தான் நிக்கேன். இப்பத்தான் தண்ணி என் வீட்டைத் தேடி வருது. அதை விட்டுட்டு நான் கரிப் பொகையை மோந்துக்கிட்டு உக்காரவா?"

அவங்க சொன்னதும் நெசந்தான், இவ சொன்னதும் நெசந்தான். கூட்டம் கலைஞ்சுது, மிக்ஸி மட்டும் கத்துது.

வீட்டுக்கு வந்து ராஜகனி என்னையப் பாத்தா. "ஊர்ல எல்லாரும் கையை வச்சுப் பொழைக்கான், நீங்க வாயை வச்சுத்தான பொழைக்கீய. போயிப் பேசுங்க. நம்ம மோட்டாரைக் காப்பாத்துங்க."

நான் மனுசங்களைக் காப்பாத்தினது இல்ல, மோட்டாரை எங்க? ஆனா பொய் சொல்லுதது நமக்குக் கை வந்தது. மொதல்ல துரைச்சாமி அண்ணாச்சி வீட்டுக்குப் போனேன். ஊர்த் தலைவரு, அறுவத்தஞ்சு வயசு, தலை வெள்ளை வெளேர்னு, வாரத்துக்கு ஒரு தடவ மை தடவுவாரு, சோப்பு போட்டா கழுத்து வரைக்கும் வழியும்.

"அண்ணாச்சி, செவப்பு லைன்ல ஒரு விசயம் இருக்கு, யாருகிட்டயும் சொல்லிராதீய. கரியில பொறந்த கரண்டுலா? அந்த ஃபேன் காத்துல பத்து நாளு படுத்தா முடி கருக்கும்."

"சும்மா இருலே."

"என் தலையைப் பாருங்க. நாப்பத்தெட்டு வயசு, ஒரு நரை உண்டுமா?"

எங்க அப்பாவுக்கே அறுவது வயசு வரைக்கும் நரைக்கல, அது அவருக்கு ஞாபகம் இல்ல. அன்னைக்கே கட்டையைச் செவப்புல சொருவினாரு. பத்து நாள்ல ஃபேன்ல இருந்து வந்த கரித் தூசி படிஞ்சு படிஞ்சு மீசை சும்மா அண்டங்காக்கா மாதிரி ஆயிட்டு. தலையணை உறையும்தான் ஆச்சு, அதை அவரு வீட்டுக்காரி தொவைச்சுக்கிட்டா. யாருகிட்டயும் சொல்லாதீயன்னு நான் சொன்னதுனால ஊரு பூரா சொல்லிட்டாரு. நாப்பது வயசு தாண்டின வீடு எல்லாம் செவப்புக்கு வந்துட்டு. மஞ்சளுக்கு வேற கதை கட்டினேன்: வடக்க ஒரு ஊர்ல மஞ்ச லைன் வீட்டுப் பிள்ளைங்க எல்லாம் ஆறு மணிக்கே தூங்கி, விடியக்காலம் எந்திச்சுப் படிச்சு, கவர்ன்மெண்டு வேலைக்குப் போயிட்டாம். வடக்கன்னா எந்த ஊருன்னு ஒருத்தனும் கேக்கல. இருவத்தெட்டு வீட்டுல தாய்மாரு ஸ்டூல் மேல தாங்களே ஏறி மஞ்சள்ல சொருவினாங்க.

மைனி மட்டும் எந்தப் பொய்க்கும் அசையல. "கொழுந்தப்புள்ள, ஒன் பொய்யை நான் ஒனக்கு மீசை மொளைக்க முன்னாலயே கேட்டவ"ன்னாவ. ஒரு நாளு சாயங்காலம் அரிசி கொடுக்க மில்லுக்கு வந்தாவ. ராஜகனி மோட்டாரு பக்கத்துல உக்காந்து, சொரம் அடிக்க பிள்ளைக்கு நெத்தியில போடுத மாதிரி, ஈரத் துணியை நனைச்சு நனைச்சு மோட்டாரு மேல போட்டுக்கிட்டு இருந்தா. எனக்குக் காய்ச்சல் வந்தப்பக் கூட அவ அப்படி உக்காந்தது இல்ல. மைனி கொஞ்ச நேரம் பாத்தாவ. அரிசியைக் கூடக் கொடுக்கல, அப்படியே திரும்பிப் போயி, வீட்டுல கட்டையைச் செவப்புக்கு மாத்தினாவ. "ஒரு கொடம் கொறஞ்சா செத்துர மாட்டேன்"னு மட்டும் வாசல்ல நின்னு சத்தமாச் சொன்னாவ, யாரும் கேக்கல, இருந்தாலும் சொன்னாவ.

ஊரு மூணாப் பிரிஞ்சாச்சு. கிட்டத்தட்ட சரிசமம். இனிமே மோட்டாரு பாட்டுப் பாடணும். பாடல. மொனகுச்சு. நீலம் இன்னும் தாழ்ந்தேதான் கெடந்துச்சு.

ஏன்னு ஊர்ல ஒருத்தனுக்கு மட்டும் தெரியும். அந்த ஒருத்தன் தெனமும் ஆறரை மணிக்கு நொண்டி நொண்டி வந்துக்கிட்டு இருந்தான்.

வைகாசியில முத்தாரம்மன் கோயில் கொடைத் திருவிழா. கொடை அன்னைக்கு வெளியூர்ல இருந்து வார சொந்தக்காரங்களுக்கு எல்லாம் காலம்பற ராஜகனி மில்லுப் புட்டுன்னு ஊர்ல முடிவு பண்ணி, மூணு மூட்டை அரிசி கொண்டாந்து எறக்கிட்டாங்க. ஒரு மூட்டை ஓடுச்சு. ரெண்டாவது மூட்டையில மோட்டாரு "ஙொய்ங்"னு நின்னு நின்னு சுத்துது, வார்னிஷ் கருகுத வாடை லேசா வருது. தாவீது டிரான்ஸ்பார்மருக்கு ஓடி ஒவ்வொரு கம்பியிலயும் மீட்டரைக் கவ்வவிட்டுப் பாத்துட்டு மூச்சு வாங்க வந்தாரு.

"நீலத்துல எவனோ ஒருத்தன் முப்பது வீட்டுக் கரண்டை ஒத்தையா இழுக்கான்! தேடுங்கவே!"

ஊரே தேட எறங்குச்சு. எல்லாருக்கும் முன்னால நான்தான் போனேன். "எவம்லே அவன், மனச்சாட்சி இல்லாத பய!"ன்னு தொண்டை கிழியக் கத்தினேன். வீடு வீடாப் பூந்து போர்டைப் பாத்தோம். புது சோடி வீட்டுலயும் பாத்தோம், அவங்க போர்டைத் தவிர எல்லாத்தையும் பாத்தோம். கடைசியில துரைச்சாமி அண்ணாச்சி கருப்பு மீசையைத் தடவிக்கிட்டு, "தங்கபுஷ்பம் வீட்டைப் பாருங்கலே. கூட்டத்துல நீலத்தை விட மாட்டேன்னு சொன்னது அவதான"ன்னாரு.

கூட்டம் மைனி வீட்டுக்குள்ள பூந்துச்சு. கட்டை செவப்புலதான் இருந்துச்சு. "இப்பத்தான் அவசரமா மாத்திருப்பா"ன்னு ஒருத்தன். "ரெண்டு போர்டு வச்சிருப்பா"ன்னு இன்னொருத்தன். அடுப்படியில பானையை உருட்டுதான், அரிசிப் பெட்டியைத் தொறந்து பாக்கான், பொடவையைத் தூக்கிப் போட்டுத் தேடுதான். கொடைக்கு வந்த வெளியூர் சொந்தக்காரன் எல்லாம் வாசல்ல நின்னு வேடிக்கை பாக்கான். மைனி அந்த இடுப்பைப் பிடிச்சுக்கிட்டு, எதையோ எட்டிப் பாக்க மாதிரி, செவுத்துல சாஞ்சு நின்னாவ. நெறைஞ்ச கொடம்னு அந்த வீட்டுல ஒண்ணுகூட இல்ல. எல்லாம் கவுத்திக் கெடந்துச்சு.

அங்கன மில்லுல இருந்து ராஜகனி போடுத சத்தம் கேக்குது: "தாவீது அண்ணே! பொகையுது! பொகையுதுண்ணே!"

மெயினை அணைச்சா மோட்டாரு பொழைக்கும். ஆனா அணைச்சா கொடை புட்டு நின்னுரும், பழி பூரா மைனி தலையில விடியும், அது இந்த ஊர்ல அந்த அம்மா சாகுத வரைக்கும் எறங்காது. வாழ்க்கையில மொத தடவையா எனக்கு ஒரு பொய்யும் வரல. தொண்டை வரைக்கும் தேடிப் பாத்தேன், ஒண்ணு கூட இல்ல.

ஓடினேன். எதுக்கு ஓடுதான்னு தெரியாம ஊரும் பின்னால ஓடி வருது. ஆட்டுக் கொட்டாய்க் கதவைத் தொறந்து, சாக்கைத் தூக்கி எறிஞ்சு, பீஸ் கட்டையைப் புடிச்சு ஒரே இழுப்பு. கிரைண்டரு நின்னுச்சு. பதினோரு பிளக்குலயும் அருவி நின்னுச்சு. அந்தப் பக்கம் மில்லுல மோட்டாரு ஒரு தடவ பெருமூச்சு விட்டு, தொண்டையைச் செருமி, "ரூம்ம்"னு எடுத்துச்சு பாருங்க, அப்படி ஒரு சத்தம் அது ராஜகனி அப்பன் வீட்டுல கூடப் போட்டிருக்காது.

ஊரு பூரா கொட்டாய் வாசல்ல நிக்கு. உள்ள பதினோரு பிளக்குப் போர்டு, நெறைஞ்ச டிரம்மு, நாலு கொடம், ஒரு சைக்கிளு, குளிச்சு முடிச்சு வெள்ளை வெளேர்னு நிக்க நாலு ஆடு. அதுக ஒண்ணும் தெரியாத மாதிரி அசை போட்டுக்கிட்டு இருந்துச்சுங்க. நானும் அதுக பக்கத்துல நின்னுக்கிட்டேன்.

கூட்டத்தை வெலக்கிட்டு ராஜகனி வந்தா. போர்டைப் பாத்தா. டிரம்மைப் பாத்தா. ஆட்டை ஒவ்வொண்ணாப் பாத்தா. கடைசியா என்னையப் பாத்தா.

"தெனமும் தண்ணி கொண்டு வந்தது?"

"இங்கன இருந்துதான்."

"சட்டை பூரா நனைஞ்சு வருவீயளே. வேர்வைன்னு நான் விசிறி விட்டேனே. அது?"

"அது… அதுவும் நீலம்தான்."

மொதல்ல சிரிச்சது மைனிதான். இடுப்பைப் பிடிச்சுக்கிட்டு, கண்ணுல தண்ணி வர, அப்படி ஒரு சிரிப்பு. பொறவு ஊரே சிரிச்சுது. ராஜகனி மட்டும் சிரிக்கல. திரும்பி மில்லுக்குப் போயிட்டா, புட்டு கெடக்குல்லா. அன்னைக்கு ஊருக்கு எல்லாம் புட்டு, எனக்கு மட்டும் இல்ல. சாமிக்கு வச்ச படையல்ல கை வைக்கப் போனேன், பூசாரி தட்டைத் தள்ளி வச்சாரு.

மறுநாளு விடியக்காலம் நாலரைக்கு என் பாயை யாரோ உருவினாங்க. வாசல்ல சைக்கிளு நிக்கு, நாலு கொடம் கட்டியாச்சு. பக்கத்துல மைனி ரெண்டு கொடத்தோட நிக்காவ.

"கொழுந்தப்புள்ள, வெறும் சைக்கிளாப் போகாத, இதையும் கட்டு. நீ குடிச்ச நீலத்துல என் பங்கும் உண்டு."

போனேன். இந்தத் தடவ தெரு முக்குல திரும்ப முடியல, தெரு முக்குல ஊரே நிக்குது, நான் தார் ரோட்டு வரைக்கும் போறேனான்னு பாக்க துரைச்சாமி அண்ணாச்சி தன் பைக்குல பின்னாலயே வாராரு. குழாயி இருமுச்சு, காத்திருந்தேன், விட்டுச்சு, புடிச்சேன். ஆறு கொடத்தோட மணல்ல உருட்டினேன், பொதைஞ்சுது, தூக்கினேன், மறுபடியும் உருட்டினேன். வாற வழியில தாவீது கம்பத்து மேல இருந்து, "வே, இப்ப ஊருக்கு நாலாவது லைனும் வந்தாச்சுவே! இதுக்குச் சக்கரமும் உண்டு!"ன்னு கத்தினாரு. பதிலு சொல்ல எனக்கு மூச்சு இல்ல. நான் பதிலு சொல்லாம விட்டது அன்னைக்கு ஒரு நாளுதான்.

வாசல்ல ராஜகனி நின்னா. கிட்ட வந்தா, ஆள்காட்டி வெரலால என் நெத்தியை ஒரு வழி வழிச்சு, ஊரு பூரா பாக்க, நாக்கு நுனியில வச்சா. கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் யோசிச்சா.

"ம், உப்பு இருக்கு"ன்னா.

சொல்லிட்டு, கொடத்தை எறக்க ஒரு கை குடுத்தா.